பெரிய நாட்டுக்குப் பக்கத்தில் சின்ன நாட்டை ஆள்வது

கேள்வி இதுதான்: ஒரு சின்ன நாட்டில் புதிதாக ஒருவர் ஜெயித்து ஆட்சிக்கு வருகிறார், பக்கத்தில் பல மடங்கு பெரிய நாடு, அதோடு முறைத்துக்கொண்டு மானத்தைக் காப்பாற்ற வேண்டுமா, இல்லை அனுசரித்துப் போய்ப் பிழைப்பைப் பார்க்க வேண்டுமா? கேட்டவர் எந்த நாடு என்று சொல்லவில்லை. ஆனால் நம் கண்ணெதிரிலேயே, ஒரு வருட இடைவெளியில், இரண்டு புதிய அதிபர்கள் இதற்கு இரண்டு விதமாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் மாலத்தீவின் முகமது முய்சு, இன்னொருவர் இலங்கையின் அநுர குமார திசாநாயக்க. இருவருக்கும் பெரிய பக்கத்து வீடு ஒன்றுதான், இந்தியா. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான ஜோடி கிடைக்காது.

முய்சு 2023 செப்டம்பர் 30இல் ஜெயித்தார். அவருடைய கூட்டணி 'இந்தியாவே வெளியேறு' என்று ஊரெல்லாம் எழுதி வைத்து ஓட்டுக் கேட்ட கூட்டணி. நவம்பர் 17இல் பதவியேற்றார், மறுநாளே, பதவியேற்புக்கு வந்திருந்த இந்திய அமைச்சரிடம் உங்கள் ராணுவத்தினரைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். படையெடுத்து வந்து உட்கார்ந்திருந்த கூட்டம் இல்லை அது. எழுபத்துச் சொச்சம் பேர். இந்தியா கொடுத்த இரண்டு ஹெலிகாப்டரையும் ஒரு டோர்னியர் விமானத்தையும் ஓட்டவும் பராமரிக்கவும் இருந்தவர்கள், பெரும்பாலும் தூரத் தீவுகளில் இருந்து நோயாளிகளைத் தலைநகர் மாலேவுக்குத் தூக்கிவருவது, கடலில் காணாமல் போனவர்களைத் தேடுவது என்று வேலை. ஆனாலும் அந்நிய நாட்டுச் சீருடை தன் மண்ணில் நிற்பது உறுத்துகிறது என்று ஒரு நாட்டு மக்கள் நினைத்தால் அதைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. கோரிக்கை நியாயமானது. கேட்ட விதம்தான் கதை.

முன்பிருந்த அதிபர்கள், சீனாவுக்கு நெருக்கமானவர் என்று பெயரெடுத்த யாமீன் உட்பட, முதல் பயணமாக டெல்லிக்குத்தான் வந்தார்கள். முய்சு துருக்கிக்குப் போனார், பிறகு ஜனவரியில் சீனாவுக்கு. அவர் பெய்ஜிங் கிளம்புகிற நேரத்தில்தான் மோடி லட்சத்தீவில் கடற்கரை நாற்காலியில் உட்கார்ந்த படங்கள் வெளியாகி, அதைப் பார்த்து மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூன்று பேர் கையில் போனை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் மோடியைக் கேலி செய்து எழுதித் தொலைத்தார்கள். மூவரையும் இடைநீக்கம் செய்தும் பயனில்லை. இங்கே 'மாலத்தீவுக்குப் போகாதே' கிளம்பிவிட்டது. 2023இல் 2 லட்சத்துக்கு மேல் போய் முதலிடத்தில் இருந்த இந்தியப் பயணிகள் 2024இல் 1.3 லட்சம் அளவுக்கு இறங்கினார்கள். சீனாவில் இருந்த முய்சு, உங்கள் ஆட்களை அதிகமாக அனுப்புங்கள் என்று அங்கே கேட்கும்படி ஆனது. திரும்பி வந்ததும் விமான நிலையத்திலேயே, நாங்கள் சின்ன நாடாக இருக்கலாம், அதற்காக எங்களை மிரட்ட யாருக்கும் உரிமை கிடையாது என்று பேசினார். கைதட்டல் வாங்கும் பேச்சு. ஆனால் செலவு பிடித்த பேச்சு.

இவ்வளவு சத்தத்துக்கும் பிறகு கிடைத்தது என்ன என்று பாருங்கள். இரண்டு தரப்பு அதிகாரிகளும் உட்கார்ந்து பேசி, 2024 மே 10க்குள் ராணுவத்தினர் போய், அவர்கள் இடத்தில் இந்தியாவிலிருந்தே சிவில் தொழில்நுட்ப ஆட்கள் வந்தார்கள். விமானம் அதேதான், ஹெலிகாப்டரும் அதேதான், சட்டை மட்டும் மாறியது. இதை டெல்லிக்கு முதல் பயணமாக வந்து, தேர்தலில் வாக்குக் கொடுத்துவிட்டேன், சீருடையை மட்டும் மாற்றித் தாருங்கள் என்று மூடிய அறையில் கேட்டிருந்தால், அந்த ஆறு மாதக் கலவரம் இல்லாமலே வாங்கியிருக்கலாம் என்பது என் கணிப்பு. டெல்லி மறுத்திருந்தால்கூடச் சத்தம் போட அப்புறம் நேரம் இருந்திருக்கும். சத்தத்தை முதலில் போட்டால் பிறகு சாந்தமாகப் பேசுவது தோல்வி மாதிரி ஆகிவிடுகிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. தூத்துக்குடிக்காரர்களுக்கு மாலத்தீவு என்றால் தேனிலவு ஊர் இல்லை, தோணி போகும் ஊர். வெங்காயமும் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு தோணி போகும், அங்கிருந்து மாசிக் கருவாடு வரும். மணலும் ஜல்லியும் இல்லாத பவளத்தீவு, ஒரு வீடு கட்டவே கடல் தாண்டிச் சரக்கு வர வேண்டும். நாமக்கல் முட்டைக்கும் அது நல்ல சந்தை. 1981இல் போட்ட ஒரு வர்த்தக ஏற்பாட்டின்படி, உள்நாட்டில் ஏற்றுமதித் தடை இருந்தாலும் மாலத்தீவுக்கு மட்டும் இவ்வளவு அரிசி, இவ்வளவு வெங்காயம் என்று இந்தியா ஒவ்வொரு வருடமும் ஒதுக்கும். இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டிருந்த 2024 ஏப்ரலில், அந்த ஏற்பாடு தொடங்கியதிலிருந்து இல்லாத அளவுக்கு ஒதுக்கீட்டை இந்தியா உயர்த்தியது: 42 கோடிக்கு மேல் முட்டை, 35,000 டன்னுக்கு மேல் வெங்காயம், ஆற்று மணலும் ஜல்லியும் தலா 10 லட்சம் டன். ஐந்து லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் நாட்டுக்கு! அடித்துச் சொல்வதைவிட இது காதில் நன்றாக விழும். பெரிய நாட்டுத் தலைவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்தப் பத்தியை மட்டும் படித்தால் போதும்.

2024 செப்டம்பரில் மாலத்தீவின் டாலர் கையிருப்பு வற்றி, இஸ்லாமியக் கடன் பத்திரத்துக்குத் தவணை கட்ட முடியுமா என்று சந்தை சந்தேகப்பட்ட நேரத்தில், 5 கோடி டாலர் கடனைத் திருப்பிக் கேட்காமல் தள்ளிவைத்தது இந்தியா. அக்டோபரில் முய்சு டெல்லி வந்து 40 கோடி டாலருக்கும் தனியாக 3,000 கோடி ரூபாய்க்கும் நாணய மாற்று வசதி வாங்கிப் போனார். அதற்குள்ளாகவே, 'இந்தியாவே வெளியேறு' என்பது எங்கள் கொள்கையே கிடையாது என்றும் சொல்லியாகிவிட்டது. தேர்தல் மேடையில் ஏறும்போதே இறங்கும் படியைப் பார்த்து வைக்காத எவருக்கும் இதுதான் கதி.

சரி, அநுரவுக்கு வருவோம். அவருடைய கட்சியான, இடதுசாரிக் கிளர்ச்சி இயக்கமாகத் தொடங்கிய ஜே.வி.பி.யின் பூர்வீகம் தெரிந்தவர்களுக்குத்தான் இதன் விசேஷம் புரியும். 1971 கிளர்ச்சிக்கு முன்னால் அந்த இயக்கம் தன் இளைஞர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்றின் தலைப்பே இந்திய விஸ்தரிப்புவாதம். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்து அவர்கள் நடத்திய இரண்டாம் கிளர்ச்சியில் இந்தியப் பொருளை விற்காதே என்று கடைக்காரர்களை மிரட்டிய காலம் உண்டு. அந்தக் கட்சியின் தலைவர் 2024 பிப்ரவரியில், தேர்தலுக்கு ஏழு மாதம் முன்பே, இந்திய அரசின் அழைப்பில் டெல்லி வந்து வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரையும் பாதுகாப்பு ஆலோசகர் அஜித் டோவலையும் பார்த்துவிட்டு, குஜராத்தையும் கேரளத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அழைத்தவர்களும் கெட்டிக்காரர்கள், வந்தவரும் கெட்டிக்காரர். ஜெயித்த பிறகு முதல் வெளிநாட்டுப் பயணம், 2024 டிசம்பரில், டெல்லிக்கே. இலங்கை மண்ணை இந்தியாவின் நலனுக்கு எதிராகப் பயன்படுத்த விடமாட்டேன் என்று மோடி பக்கத்தில் நிற்கும்போது சொன்னார். அடுத்த மாதம் பெய்ஜிங் போனார், இங்கே யாரும் புருவம் உயர்த்தவில்லை.

இதைச் சரணாகதி என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் அதற்கடுத்த இரண்டு மாதத்தைப் பாருங்கள். மன்னாரிலும் பூநகரியிலும் அதானி நிறுவனம் கட்டவிருந்த காற்றாலைத் திட்டத்தின் மின்சார விலை அதிகம் என்று அநுர அரசு மறுபடி பேரம் பேச உட்கார்ந்தது. 44 கோடி டாலர் திட்டம். 2025 பிப்ரவரியில் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. இந்தியாவில் அந்தப் பெயருக்கு இருக்கும் செல்வாக்கைப் பற்றிப் பேசாதவர் கிடையாது, டெல்லி கோபப்பட்டுவிடும் என்று கொழும்பில் பலர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பார்கள். ஏப்ரலில் மோடி கொழும்புக்கு வந்து 'மித்ர விபூஷண' விருதை வாங்கிக்கொண்டு, சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்தின் கட்டுமானத்தைத் தொடங்கிவைத்துவிட்டுப் போனார்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நான் சொல்ல வருவது புரியும். பெரிய அண்டை நாட்டுக்கு அச்சம் வேறு, ஆசை வேறு. இந்தியாவின் அச்சம், தன் வாசலில் திருகோணமலையிலோ மாலேவிலோ இன்னொரு வல்லரசின் படையோ உளவுக் கப்பலோ வந்து நிற்பது. இந்தியாவின் ஆசை, துறைமுக ஒப்பந்தம், மின் திட்டம், பாலம், கூட்டு அறிக்கையில் நல்ல நாலு வார்த்தை. அச்சத்தின் விஷயத்தில் கேட்பதற்கு முன்பே உறுதி கொடுத்துவிட்டால், ஆசையின் விஷயத்தில் காசுக்குக் காசு பேரம் பேசலாம், மறுக்கக்கூடச் செய்யலாம். புதுத் தலைவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மகிந்த ராஜபக்ச காலத்தில் 2014இல் சீன நீர்மூழ்கி இரண்டு முறை கொழும்பில் வந்து நின்றது, அதில் இலங்கைக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை. டெல்லியின் தூக்கம் போனதுதான் மிச்சம். வரப்பு வழியே பக்கத்து வயல்காரன் தண்ணீர் கொண்டுபோகிறான் என்றால் வாடகையைக் கூட்டிக் கேளுங்கள், வாய்க்காலை அடைக்காதீர்கள், அவ்வளவுதான்.

அடைத்துப் பார்த்தவர், 1977இல் இலங்கையில் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர்.ஜெயவர்தனா. அவருடைய தந்திரத்தைப் பற்றி இன்றும் கொழும்பில் மெச்சிப் பேசுவார்கள், ஆனால் பக்கத்து வீட்டு விஷயத்தில் அவர் போட்ட கணக்கு தப்பு. அமெரிக்கா, பிரிட்டன், பாகிஸ்தான், இஸ்ரேல் என்று தூரத்து நண்பர்களைச் சேர்த்துவிட்டால் இந்தியா அடங்கிவிடும் என்று நினைத்தார். 1987 ஜூன் 3இல் ராமேஸ்வரத்திலிருந்து வந்த நிவாரணப் படகுகளை அவருடைய கடற்படை தடுத்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் மாலை ஐந்து ஏ.என். 32 சரக்கு விமானங்கள், துணைக்கு மிராஜ் போர் விமானங்கள், யாழ்ப்பாணத்துக்கு மேலே வந்து சுமார் 25 டன் உணவுப் பொதிகளைப் போட்டுவிட்டுப் போயின. பூமாலை என்று பெயர் வைத்திருந்தார்கள். தூரத்து நண்பர்கள் ஒருவரும் கை கொடுக்க வரவில்லை. எட்டு வாரம்கூட ஆகவில்லை, ஜூலை 29இல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார், அதோடு சேர்ந்த கடிதங்களில் திருகோணமலையை இந்திய நலனுக்குப் பாதகமான ராணுவப் பயன்பாட்டுக்கு எந்த நாட்டுக்கும் தருவதில்லை என்ற உறுதியும் இருந்தது. 1977இல், தானாக முன்வந்து, பதிலுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு கொடுத்திருக்கக்கூடிய உறுதி. பத்து வருடம் கழித்து விமானத்துக்குக் கீழே நின்று கொடுத்தார்.

(அந்த ஒப்பந்தத்தில் தமிழர் தரப்பின் கையெழுத்து ஒன்றுகூட இல்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன். பெரிய நாடும் சின்ன நாடும் சமரசமாகும்போது நடுவில் இருப்பவர்களைக் கேட்பது வழக்கமில்லை.)

இதற்கெல்லாம் பாடப்புத்தகம் என்று ஒன்று இருக்குமானால் அது பின்லாந்து. 1939 இலையுதிர் காலத்தில் ஸ்டாலின், எல்லை லெனின்கிராடுக்கு 32 கிலோமீட்டரில் இருக்கிறது, கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள், பதிலுக்கு வேறு இடத்தில் நிலம் தருகிறேன் என்று கேட்டார். பேசப் போன குழுவின் தலைவர் பாசிகிவி, இளவயதில் நோவ்கரோட் போய் ரஷ்ய மொழி படித்தவர். அவர், கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்றார். அரசு கேட்கவில்லை. குளிர்காலப் போர், அப்புறம் இன்னொரு போர், கடைசியில் நாட்டில் பத்தில் ஒரு பங்கு நிலம் போயிற்று. 1946இல், எழுபத்தைந்து வயதில், அதே பாசிகிவியை அதிபராக்கினார்கள். ரஷ்யாவுக்கு நம்மிடம் வேண்டியது தன் வடமேற்கு வாசலுக்குப் பாதுகாப்பு, அதை நம்பும்படி கொடுத்துவிட்டால் நம் நாடாளுமன்றத்தையும் சந்தையையும் நாமே வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு எவ்வளவு கசப்பானது என்பதற்கு ஒரு காட்சி. 1944இல் ஹெல்சிங்கியிலிருந்து 30 கிலோமீட்டரில் இருக்கும் போர்க்கலா என்ற கடலோரப் பகுதியைச் சோவியத் படைத்தளத்துக்கு 50 வருடக் குத்தகைக்குக் கொடுக்க வேண்டி வந்தது. ஹெல்சிங்கிக்கும் துர்க்குவுக்கும் நடுவே போகும் ரயில் பாதை அதற்குள்ளேதான். அதனால் அந்தப் பகுதி வந்ததும் ரயிலை நிறுத்தி, சன்னல்களுக்கெல்லாம் வெளியிலிருந்து பலகை மாட்டி மூடி, சோவியத் எஞ்சினைக் கோர்த்து இழுத்துப் போவார்கள். சொந்த நாட்டுக்குள், பட்டப்பகலில், இருட்டில் உட்கார்ந்து பயணம். உலகத்திலேயே நீளமான சுரங்கப்பாதை எங்களுடையதுதான் என்று பின்லாந்துக்காரர்கள் ஜோக் அடித்தார்களாம். பாசிகிவி அதற்காக வீதியில் இறங்கிக் கத்தவில்லை, போர் இழப்பீட்டையும் 1952இல் முழுசாகக் கட்டி முடித்தார். 1956 ஜனவரியில், குத்தகைக்கு இன்னும் 38 வருடம் பாக்கி இருக்க, சோவியத் படை தளத்தைக் காலிசெய்து கொடுத்துவிட்டுப் போனது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி உண்மை. பாசிகிவிக்குப் பிறகு வந்த கெக்கோனன் 1982 வரை, கால் நூற்றாண்டு, அதிபராக இருந்தார். மாஸ்கோவுக்கு என்னைத்தான் பிடிக்கும் என்பதே அவருடைய உள்நாட்டு ஆயுதம். 1973இல் தேர்தலே நடத்தாமல் தனிச்சட்டம் போட்டு அவர் பதவிக்காலத்தை நீட்டினார்கள். பத்திரிகைகள் ரஷ்யாவைப் பற்றி எழுதத் தயங்கின, யாரும் தடை போடாமலே. அனுசரித்துப் போவதில் உள்ள பெரிய ஆபத்து இதுதான், அண்டை நாட்டைவிட அண்டை நாட்டின் செல்லப்பிள்ளையால் வருகிற ஆபத்து. புதுத் தலைவர் எவரும் முதல் வருடத்திலேயே எதிர்க்கட்சித் தலைவரையும் கூட அழைத்துக்கொண்டு அந்தத் தலைநகருக்குப் போய் வருவது நல்லது என்று நான் சொல்வது அதனால்தான். மாலத்தீவில் ஒரு கட்சி 'முதலில் இந்தியா', இன்னொன்று 'இந்தியாவே வெளியேறு'. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கரணம் போடும் வெளியுறவுக் கொள்கையை யாரும் மதிக்க மாட்டார்கள், டெல்லியும் சரி, பெய்ஜிங்கும் சரி.

சார்ந்திருப்பதைக் குறைக்கலாமே என்று கேட்பீர்கள். குறைக்க வேண்டியதுதான், ஆனால் ஊரைக் கூட்டி அறிவித்துவிட்டுச் செய்யக் கூடாது. 2015 கடைசியில் இந்திய எல்லையில் லாரிகள் நின்றுபோனபோது நேபாளத்தில் கேஸ் சிலிண்டரைப் பாதி நிரப்பி விற்றார்கள். கோபத்தில் 2016 மார்ச்சில் அப்போதைய பிரதமர் ஓலி சீனாவோடு சரக்குப் போக்குவரத்து ஒப்பந்தம் போட்டார். நல்ல வேலைதான், பேரத்துக்கு உதவும். ஆனால் சீனத் துறைமுகம் இருப்பது இமயமலைக்கு அந்தப் பக்கம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். 2019இல் நேபாளத்துக்குக் கடைசியில் வந்து சேர்ந்த பெட்ரோலியக் குழாய் பிகாரின் மோதிஹாரியிலிருந்து வந்தது. இரண்டு மாதத்துக்கான எண்ணெயையும் அரிசியையும் சேர்த்துவைக்கக் கிடங்கு கட்டுகிற தலைவரைப் பற்றித் தலைப்புச் செய்தி வராது, ஆனால் அவரிடம் பேசும்போது பெரிய நாட்டுக்காரர் குரலைத் தாழ்த்துவார். மாலேவில் 2014 டிசம்பரில் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் தீப்பிடித்து நகரமே குடிதண்ணீர் இல்லாமல் தவித்தபோது இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. அன்று ஆட்சியில் இருந்தவர் யாமீன்.

இன்னொன்று, பெரிய நாடு என்பது ஒரே ஆள் இல்லை. கொழும்பில் புதிதாக வருபவர் டெல்லியோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தால் பாக் நீரிணையைப் புரிந்துகொள்ள முடியாது. ராமேஸ்வரத்து இழுவைமடிப் படகு வந்து வாரிக்கொண்டு போவதால் வலை அறுந்து நிற்பவர் யாழ்ப்பாணத் தமிழ் மீனவர், பிடிபட்டுச் சிறையில் இருப்பவர் இந்தப் பக்கத் தமிழ் மீனவர், இதில் டெல்லிக்கு அவசரம் கிடையாது, சென்னைக்கு உண்டு. அநுர இதில் இழுவைமடிக்கு எதிராக வெளிப்படையாகவே பேசினார். அதோடு 2025 செப்டம்பர் 1இல், தமிழ்நாட்டு மேடைகளில் கச்சத்தீவு மறுபடி சூடுபிடித்திருந்த நேரத்தில், படகில் ஏறி அந்தத் தீவிலேயே போய் இறங்கினார். இலங்கை அதிபர் ஒருவர் அங்கே போனது அதுவே முதல் தடவை. நமக்கு அது பிடிக்காமல் இருக்கலாம், எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் தொழில் சுத்தம்: தன் ஊர் வாக்காளருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இந்தியாவைப் பெயர் சொல்லித் திட்டவும் இல்லை.

இதெல்லாம் செல்லாத இடமும் உண்டு. பக்கத்து நாடு உங்கள் நிலத்தையே, அல்லது நீங்கள் தனி நாடாக இருப்பதையே ஆட்சேபித்தால், அச்சத்தைத் தீர்க்கிறேன் என்று போய் நிற்பதில் பலனில்லை. எந்த ராணுவக் கூட்டணியிலும் சேரமாட்டோம் என்று உக்ரைன் 2010இல் சட்டமே போட்டது. அந்தச் சட்டம் அமலில் இருக்கும்போதுதான் 2014இல் கிரிமியா ரஷ்யாவின் கைக்குப் போனது. பின்லாந்தும் அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் பார்த்து 2023 ஏப்ரலில் நேட்டோவில் சேர்ந்துவிட்டது, பாசிகிவி நாட்டுக்காரர்களே. ஆகவே முதல் ஆறு மாதத்தில் புதுத் தலைவர் தன் தூதரிடமும் உளவுத்துறையிடமும் கேட்க வேண்டியது, இவர்களுக்கு நம்மிடம் பயமா, பேராசையா, இல்லை பசியா என்பதைத்தான். இந்தியா விஷயத்தில் மாலத்தீவுக்கும் இலங்கைக்கும் இருப்பது மூன்றாவது ரகம் இல்லை, அதனால்தான் முய்சுவின் கதை சேதாரம் அதிகமில்லாமல் முடிந்தது.

முடிந்தது எப்படி என்றால், 2025 ஜூலையில் மாலத்தீவின் அறுபதாவது சுதந்திர தினத்துக்கு மோடிதான் சிறப்பு விருந்தினர். முய்சு தன் அமைச்சர்களோடு விமான நிலையத்துக்கே வந்து நின்றார். 4,850 கோடி ரூபாய் கடனுதவி அறிவிப்பு. ராணுவத்தை வெளியே போகச் சொன்ன அதே நாட்டின் பாதுகாப்பு அமைச்சகக் கட்டடத்தின் முகப்பில் அன்றைக்கு மோடியின் படம், மாடி உயரத்துக்குத் தொங்கியது.